பழைய ஜப்பானிய வெள்ளிப் படகுப்போட்டிக் கோப்பை: மெருகு போடும் முன் படிப்பது எப்படி?

முதலில் அந்த மெருகுத் துணியைக் கீழே வையுங்கள். கறுத்துப்போன வெள்ளிக் கோப்பை கைக்கு வந்தால் யாருக்கும் தேய்த்துப் பார்க்கத்தான் தோன்றும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவள் நான்; எனக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் பழைய பரிசுக் கோப்பையில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அந்தக் கறுப்பில்தான் இருக்கிறது. எழுத்து எப்போது வெட்டியது, எந்த இடத்தைச் சுரண்டி அழித்தார்கள், எங்கே ஈயப்பற்று வைத்தார்கள் என்பதெல்லாம் பளபளவென்று ஆன பிறகு தெரியாது.

வேலை காரணமாக யோகோஹாமாவில் இருக்கிறேன். டோக்கியோ இன்டர்நேஷனல் ஃபோரம் முற்றத்தில் நடக்கும் பழம்பொருள் சந்தைக்கும், கியோட்டோ தோஜி கோயிலில் மாதாமாதம் 21ஆம் தேதி கூடும் சந்தைக்கும் போகிற பழக்கம் உண்டு. கோல்ஃப், டென்னிஸ், குதிரைப் பந்தயம் என்று எல்லாவற்றுக்கும் கோப்பைகள் கண்ணில் படும். நான் தேடுவது துடுப்புப் படகுப் போட்டிக் கோப்பைகளை. மற்ற விளையாட்டுக் கோப்பையில் பெரும்பாலும் ஒரே ஒரு பெயர் இருக்கும். இதில் படகில் இருந்த அத்தனை பேரும், யார் எந்த இடத்தில் உட்கார்ந்தார் என்பது வரை இருப்பதுண்டு. துப்பறிகிற புத்தி இருப்பவர்களுக்கு அது போதும்.

எந்தக் கூட்டத்தின் கோப்பை?

ஜப்பானில் இரண்டு தனித்தனிக் கூட்டம் படகு ஓட்டியது. உங்கள் கையில் இருப்பது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று முடிவு செய்யாமல் மேலே போக முடியாது.

ஒன்று, துறைமுகங்களில் குடியேறிய வெளிநாட்டு வியாபாரிகள். 1859இல் யோகோஹாமாவும் நாகசாகியும் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்தன, 1868இல் கோபே. பட்டும் தேயிலையும் ஏற்றி அனுப்ப வந்த ஆங்கிலேயர்களுக்கு மாலை நேரத்தில் பொழுதுபோக வேண்டுமே! கோபேயில் 1870இல் ரெகாட்டா அண்ட் அத்லெடிக் கிளப்பைத் (ரெகாட்டா என்றால் படகுப் போட்டி) தொடங்கியவர் அலெக்ஸாண்டர் கேமரன் சிம் என்ற ஸ்காட்லாந்து மருந்துக்கடைக்காரர். ஜப்பானியர்கள் இன்றும் விரும்பிக் குடிக்கும் ராமுனே என்கிற சோடாவை அங்கே விற்றுப் பிரபலமாக்கியவரும் இவரே. நம்மூர் கோலி சோடா பாட்டில் இருக்கிறதே, ராமுனே இன்றும் அதே கோலி வைத்த பாட்டிலில்தான் வருகிறது. யோகோஹாமாவில் அமெச்சூர் ரோயிங் கிளப் இருந்தது. இந்த இரண்டு கிளப்புகளின் கோப்பைகளிலும் ஆங்கில எழுத்துகள்தான் இருக்கும். ஒய்.ஏ.ஆர்.சி. என்றால் யோகோஹாமா, கே.ஆர்.ஏ.சி. என்றால் கோபே.

இன்னொன்று, பள்ளி கல்லூரி மாணவர்கள். 1875இல் ஆங்கிலம் கற்பிக்க வந்த ஃபிரடெரிக் ஸ்ட்ரேஞ்ச் என்பவர் டோக்கியோவில் மாணவர்களை ஓட்டப் பந்தயத்துக்கும் படகுக்கும் இழுத்துவந்தார். 1889இல் அவர் இறப்பதற்குள் சுமிதா ஆற்றில் மாணவர் போட்டிகள் வேர்விட்டுவிட்டன. வசேதா, கெய்யோ பல்கலைக்கழகங்களின் போட்டி 1905இல் தொடங்கியது. இந்தக் கூட்டத்தின் பரிசுகளில் ஜப்பானிய எழுத்தும் ஜப்பானிய ஆண்டுக்கணக்கும் இருக்கும். வடிவமும் பல நேரம் வேறு. இரண்டு கைப்பிடி வைத்த ஆங்கிலக் கோப்பைக்குப் பதில், சாக்கே என்ற அரிசி மது குடிக்கிற தட்டையான வெள்ளிக் கிண்ணம், அதாவது கின்பாய், பரிசாகத் தரப்பட்டிருக்கும். சந்தையில் அதைக் குங்குமக் கிண்ணம் போல நினைத்துக் கடந்துபோய்விடாதீர்கள்.

வெள்ளி வேலை ஏன் இவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 1876இல் மெய்ஜி அரசு சாமுராய்கள் வாள் அணிவதைத் தடை செய்தது. தலைமுறை தலைமுறையாக வாளுக்குக் கைக்காப்பும் பிடிக்கட்டும் செய்துவந்த உலோகக் கலைஞர்களுக்கு ஒரேயடியாகப் பிழைப்பு போயிற்று. பலர் ஏற்றுமதிச் சாமான்களுக்கும் வெளிநாட்டவர் கேட்ட பொருள்களுக்கும் திரும்பினார்கள். டிராகன் சுற்றிய பீர் மக்கும், ஐரிஸ் பூ எழும்பி நிற்கும் பரிசுக் கோப்பையும் அந்தக் கைகளிலிருந்து வந்தவை.

கவிழ்த்துப் பாருங்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வேண்டும். நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அதுவே போதும். முதலில் அடிப்பாகம், அப்புறம் பாதத்தின் உள்விளிம்பு, பிறகு கைப்பிடி ஒட்டும் இடம்.

அடியில் சிறு கட்டத்துக்குள் இரண்டு ஜப்பானிய எழுத்துகள் இருந்தால் அது பெரும்பாலும் ஜுன்கின், சுத்த வெள்ளி என்ற முத்திரை. ஜப்பானிய எழுத்து தெரியாதவர்கள் போனில் ஜுன்கின் முத்திரைப் படங்களை எடுத்து ஒப்பிடலாம். வெளிநாட்டவருக்கு விற்ற பொருள்களில் ஸ்டெர்லிங் என்றோ வெறும் சில்வர் என்றோ ஆங்கிலத்தில் அடித்திருப்பார்கள். கூடவே கடைப் பெயர் இருந்தால் அதிர்ஷ்டம். யோகோஹாமாவில் ஆர்தர் அண்ட் பாண்ட், கோனோய்கே, 1894இல் நோமுரா யோசோ தொடங்கிய சாமுராய் ஷோகாய். டோக்கியோ கின்சாவில் 1880இல் தொடங்கிய மியாமோட்டோ ஷோகோ. பிறகு மிட்சுகோஷி போன்ற பல்பொருள் அங்காடிகள். இவை பெரும்பாலும் விற்ற கடைகளின் பெயர்கள். உளி பிடித்தவரின் பெயர் இருந்தால் அது தனியாக, சிறியதாக இருக்கும்.

ஒன்றை மறக்காதீர்கள். 1929க்கு முன் அடித்த முத்திரை எல்லாம் செய்தவரோ விற்றவரோ கொடுத்த வாக்குதான். அந்த ஆண்டுதான் ஒசாகாவிலிருந்த அரசு நாணயச்சாலை விலையுயர்ந்த உலோகங்களைச் சோதித்து முத்திரை போடத் தொடங்கியது. ஜப்பானியக் கொடி, பக்கத்தில் சாய்சதுரம், அதற்குள் 1000, 950, 925 போன்ற எண் என்று அந்த முத்திரை இருக்கும். கொடியைக் கண்டால் கோப்பை 1929க்கு முந்தையது அல்ல என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கொடி இல்லையென்றால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கட்டாய முத்திரை அல்ல அது.

கடைக்காரர் ஜப்பானியக் கோப்பை என்று சொல்லும் சிலது சீனாவில் செய்ததாக இருக்கும். ஹாங்காங், ஷாங்காய் கிளப்புகளும் இதே பாணியில் பரிசு செய்யச் சொன்னார்கள். ஆங்கில முதலெழுத்துகள், பக்கத்தில் 90 என்ற எண், ஒரு சீன எழுத்து முத்திரை என்று மூன்றும் சேர்ந்து வந்தால் அது சீனாக்காரர் வேலை. வாங் ஹிங் கடைச் சாமான்கள் இப்படித்தான் இருக்கும்.

தகடு ஒன்றா இரண்டா?

பூ வேலை நிறைந்த கோப்பையின் உட்புறத்தில் விரலை விட்டுத் தடவுங்கள். வெளியே பூ எழும்பியிருக்கும் இடத்தில் உள்ளே குழி இல்லாமல் வழுவழுவென்று இருந்தால் சுவர் இரட்டை. வெளித்தகட்டை அரக்கு போன்ற பிசின் கலவையில் பதித்து, பின்னாலிருந்து தட்டிப் புடைப்பை எழுப்பி, முன்னாலிருந்து உளியால் வரியெடுப்பார்கள். நம்மூர் நகாசு வேலையின் வழியும் இதுதான். அப்புறம் உள்ளே மொழுமொழுவென்று இன்னொரு கிண்ணத்தை இறக்கி விளிம்பில் பற்றவைத்துவிடுவார்கள். விளிம்பை லென்ஸில் பார்த்தால் அந்த இணைப்புக் கோடு தெரியும்.

இந்த இரட்டைச் சுவரால் இரண்டு தொல்லை. தண்ணீரில் அமிழ்த்தி அடர்த்தி பார்க்கும் பழைய வழி இங்கே வேலை செய்யாது. சுத்த வெள்ளி என்றால் கன சென்டிமீட்டருக்கு 10.49 கிராம் வர வேண்டும். ஆனால் இரண்டு தகட்டுக்கு நடுவே அடைபட்ட காற்று கணக்கைக் கீழே இழுத்துவிடும். நல்ல வெள்ளியைப் பித்தளை என்று சொல்லி ஒதுக்கிவிடுவீர்கள். இரண்டாவது, எங்காவது ஊசிமுனை ஓட்டை இருந்தால் தண்ணீர் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வராது.

உரைகல்லில் இழுப்பதும் அமிலச் சொட்டும் வேண்டவே வேண்டாம். எக்ஸ்-ரே கருவி வைத்திருக்கும் கடையில் காட்டலாம், ஆனால் அது மேல்பரப்பை மட்டுமே படிக்கும். கனமாக முலாம் போட்டதை வெள்ளி என்றே சொல்லும். ஆகையால் விளிம்பு, கைப்பிடியின் வளைவு, பாதத்தின் ஓரம் என்று அதிகம் தேய்ந்த இடங்களில் கருவியை வைக்கச் சொல்லுங்கள். முலாம் என்றால் மஞ்சளோ செம்போ அங்கேதான் எட்டிப் பார்க்கும். 92 டச், 95 டச் (நூற்றில் எத்தனை பங்கு வெள்ளி என்பதுதான் டச்) என்று எண் வந்துவிட்டால் சந்தோஷப்படலாம். பாதத்தில் வேறு எண் வந்தால் பதற வேண்டாம், வார்த்த பாகங்களில் கலவை கொஞ்சம் மாறுவது சகஜம். பற்றவைத்த இடத்தில் சாம்பல் நிறத்தில் மங்கலாகக் கட்டி தெரிந்தால் அது பின்னால் யாரோ செய்த ஈயப்பற்று. அதைப் பார்த்தால் விலையைக் கறாராகக் குறைத்துக் கேட்பேன்.

அலங்காரத்தை வைத்து வயது சொல்லும் ஆசை எல்லோருக்கும் வரும். ஐரிஸ், செவ்வந்தி, மூங்கில், டிராகன் எல்லாம் பல பத்தாண்டுகள் ஓடிய சரக்கு. அதை நம்பாதீர்கள்.

எழுத்தைக் கடைசியாகப் படியுங்கள்

எழுத்து கண்ணைக் கவரும், அதனாலேயே ஏமாற்றும். பழைய வெற்றுக் கோப்பையில் புதிதாகப் படகுப் பந்தயம் வெட்டி விலையேற்றுவது உண்டு. கையால் வெட்டிய கோடு தொடக்கத்தில் மெலிந்து நடுவில் ஆழமாகிப் பிறகு மெலியும். இயந்திரக் கோடு முழுக்க ஒரே அகலம். ஒரு சிறு பஞ்சை எழுத்தின் மேல் மெல்ல ஓட்டிப் பாருங்கள். நூறாண்டு துடைப்புப் பட்ட எழுத்தின் ஓரங்கள் மழுங்கிவிட்டிருக்கும், பஞ்சு வழுக்கிப் போகும். புது வெட்டில் இழை சிக்கும். கோட்டின் உள்ளே கறுப்போ, பழைய மெருகுப்பொடியின் வெள்ளைப் படிவோ இருக்க வேண்டும். மெருகு போடாதே என்று முதலிலேயே சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

இதற்கு நேர்மாறான திருட்டுத்தனமும் உண்டு. பூ ஜாடியாக விற்பதற்காகப் பெயர்களை அரைத்து எடுத்துவிடுவார்கள். எழுத்துக்கென்று விட்ட கேடய வடிவ இடம் காலியாக இருந்தால் அதன்மேல் வாயால் ஊதுங்கள். ஆவி படிந்து மறையும் அந்த ஓரிரு நொடியில் அழித்த எழுத்தின் நிழல் சில நேரம் தெரியும். கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் அந்த இடம் மட்டும் மெலிந்து நெளியும்.

எழுத்து மங்கலாக இருந்தால் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்க்க வேண்டாம், கீறல் விழும். இருட்டறையில் ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, கோணம் மாற்றி மாற்றிப் படமெடுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாததெல்லாம் அதில் எழும்பி வரும்.

பெயர் வரிசையில் முதலில் பவ், அதாவது படகின் முன்முனைப் பக்கம் உட்காருபவர், பிறகு 2, 3, கடைசியில் ஸ்ட்ரோக், அதன் கீழே காக்ஸ். ஸ்ட்ரோக் என்பவர்தான் தாளம் பிடிப்பவர். மற்றவர்கள் அவரைப் பார்த்துத் துடுப்பு வலிப்பார்கள். காக்ஸ் சுக்கான் பிடித்துக் கத்துகிறவர்.

ஆண்டுக்கு வருவோம். ஜப்பானிய ஆண்டு என்றால் கூட்டல் கணக்குதான். மெய்ஜி, தைஷோ, ஷோவா என்பவை அடுத்தடுத்து வந்த பேரரசர்களின் ஆட்சிக்காலப் பெயர்கள். மெய்ஜி ஆண்டோடு 1867, தைஷோவோடு 1911, ஷோவாவோடு 1925. மெய்ஜி 38 என்றால் 1905. தைஷோ 9 என்றால் 1920. ஷோவா 4 என்றால் 1929. சிலவற்றில் 2600 என்று இருக்கும். எதிர்கால ஆண்டு அல்ல அது! முதல் பேரரசர் பட்டமேறியதாகச் சொல்லப்படும் ஆண்டிலிருந்து எண்ணும் கணக்கு. 660 கழித்தால் 1940.

வெட்டிய ஆண்டு மட்டும் போதாது, மற்றவை அதோடு இடிக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்த வேலையின் ருசி. டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகம் என்ற பெயர் 1897 முதல் 1947 வரைதான் இருந்தது. அதற்கு முன், 1886லிருந்து, வெறும் இம்பீரியல் பல்கலைக்கழகம். நாட்டில் வேறு இல்லாததால் ஊர்ப்பெயர் தேவைப்படவில்லை. இன்றைய ஹிதோத்சுபாஷி பல்கலைக்கழகம் 1920 முதல் 1949 வரை டோக்கியோ வணிகப் பல்கலைக்கழகம்; நடுவே 1944 முதல் 1947 வரை மட்டும் வேறு பெயர். ஜப்பான் துடுப்புச் சங்கம் 1920இல் பிறந்தது, ஆகவே அதன் பெயர் போட்ட கோப்பை அதற்கு முன் இருக்க வழியில்லை. தோதா என்ற இடப்பெயர் வந்தால் இன்னும் எளிது. நடக்காமலே போன 1940 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்காக வெட்டிய நீர்த்தடம் அது. 1964 ஒலிம்பிக்ஸ் துடுப்புப் போட்டி அங்கேதான் நடந்தது. யாராவது தைஷோ காலத் தோதா கோப்பை என்று சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். 1940 ஜூலை 7இல் ஆடம்பரப் பொருள்களின் தயாரிப்பையும் விற்பனையையும் அரசு கட்டுப்படுத்தியது. அதற்குப் பிந்தைய போர்க்கால ஆண்டு போட்ட கனமான வெள்ளிக் கோப்பை என்றால் நான் இன்னொரு முறை கவிழ்த்துப் பார்ப்பேன்.

பெயர்களைத் தேடுவது

வெளிநாட்டு கிளப் கோப்பை என்றால் உங்களுக்கு நல்ல காலம். ஜப்பான் வீக்லி மெயில் என்ற ஆங்கில வார இதழ் 1870 முதல் 1917 வரை யோகோஹாமாவில் வந்தது. துறைமுகத்துச் செய்திகளோடு ரெகாட்டா முடிவுகளும் அதில் வரும். எந்தப் படகில் யார் யார், யார் எத்தனை படகு நீள வித்தியாசத்தில் வென்றார் என்பது வரை. பழைய பிரிட்டிஷ் துணைத்தூதரகக் கட்டடத்தில் இருக்கும் யோகோஹாமா ஆவணக் காப்பகத்தில் அந்தக் கால இதழ்களையும் முகவரிப் புத்தகங்களையும் பார்க்கலாம்.

என்னிடம் இருப்பது ஒரு சாண் உயரம்கூட இல்லாத இரட்டைக் கைப்பிடிக் கோப்பை. சுற்றிலும் ஐரிஸ். நான்கு துடுப்புப் போட்டி, 1890களில் ஓர் ஆண்டு, ஐந்து பெயர். அதில் ஸ்ட்ரோக்கின் பெயர் மட்டும் தேய்ந்து போயிருந்தது. கோப்பையைத் தூக்கும்போது கட்டைவிரல் படுகிற இடம் அதுதான், யார் என்ன செய்ய முடியும். மற்ற நான்கு பெயரும் ஆண்டும் வைத்து இதழைப் புரட்டியபோது அதே வரிசையில் ஐந்தாவது பெயரும் வந்துவிட்டது. முகவரிப் புத்தகத்தில் பார்த்தால் காக்ஸ் ஒரு வங்கி குமாஸ்தா, பவ் ஒரு தேயிலைக் கம்பெனிக்காரர். அந்தப் பெயர்கள் கிடைத்த பிறகு கோப்பையின் வெள்ளி எடை எனக்குப் பொருட்டாகவே படவில்லை.

யோகோஹாமாவில் தேடுகிறவர்கள் 1923 செப்டம்பர் 1ஐ நினைவில் வைத்திருக்க வேண்டும். கான்டோ நிலநடுக்கமும் அதன் தீயும் துறைமுகத்தை அழித்தன. கடைகள், வீடுகள், கணக்குப் புத்தகங்கள் எல்லாம் போயின. அதற்கு முன்பே ஊர் திரும்பியவர்கள் பெட்டியில் எடுத்துப் போன கோப்பைகள் தப்பின. இங்கிலாந்து ஏலங்களில் யோகோஹாமா கோப்பைகள் தலைகாட்டுவது அதனால்தான் எனக்கு ஆச்சரியமாக இல்லை. கோபே கிளப் இன்றும் இருக்கிறது. ஆகவே கே.ஆர்.ஏ.சி. என்று கண்டால் நல்ல படங்களோடு அவர்களுக்கு எழுதிக் கேட்கலாம்.

மாணவர் கோப்பைக்கு ஜப்பானியம் தெரிந்த நண்பர் தேவை. போன் மொழிபெயர்ப்பு அச்செழுத்துக்குச் சரி. முத்திரை எழுத்துப் பாணியில் வளைத்து வெட்டியிருந்தால் அது உளறும்.

இனி சுத்தம்

படமெடுத்து, படித்து, குறித்து வைத்தாயிற்று என்றால் இப்போது தூசு தட்டலாம். மென்மையான தூரிகை, பிறகு வாலை வடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) ஒரு துளி மென்சோப்பு கலந்து பஞ்சில் நனைத்துப் பிழிந்து துடைப்பது, உடனே உலர்ந்த பருத்தித் துணி. இரட்டைச் சுவர் கோப்பையை நீரில் முக்காதீர்கள். திருநீறு, புளி, பற்பசை, மூன்றும் வேண்டாம். பாட்டி வீட்டுக் குத்துவிளக்கு வேறு, இது வேறு. அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் போட்டு வெந்நீரில் வைக்கும் வித்தையும் கூடாது. பூ இதழ்களின் மடிப்பில் நிற்கும் கறுப்புதான் அந்தப் பூவை எழும்பிக் காட்டுவது. அது போனால் கோப்பை வெளுத்துப்போய்த் தட்டையாகத் தெரியும்.

கருநீலமாகவோ சாம்பலாகவோ பதித்த உலோகம் ஏதாவது தெரிந்தால் கையையே வைக்காதீர்கள். கருநீலம் ஷகுதோ, செம்பில் கொஞ்சம் தங்கம் சேர்த்தது. சாம்பல் ஷிபுஇச்சி, செம்போடு வெள்ளி. அந்த நிறங்கள் மருந்துநீரில் காய்ச்சி வரவழைத்தவை, மேலே மெல்லிய தோலாக இருப்பவை. ஒரு தேய்ப்பில் செம்பு வெளிவந்துவிடும், போன நிறம் தானாகத் திரும்ப வராது.

வைக்கிற இடத்தில் கந்தகம் ஆகாது. ரப்பர் பேண்ட், கம்பளி, செய்தித்தாள் எல்லாம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். அமிலமில்லாத மெல்லிய தாளும் வெளுத்த பருத்தித் துணியும் போதும், கூட ஒரு ஈரம் உறிஞ்சும் பொட்டலம். ஹகோனே பக்கம் வெந்நீர் ஊற்றுக்குப் போகிறவர்கள் வாங்கிய கையோடு கோப்பையை விடுதிக்குத் தூக்கிப் போகாதீர்கள். அங்கே காற்றிலேயே கந்தகம், காலில் போட்ட கொலுசே கறுத்துவிடும்.

கோப்பையோடு பவுலோனியா மரப்பெட்டி வந்தால் அதை அழுக்கு என்று நினைத்துத் தூக்கி எறியாதீர்கள், மூடியைக் கழுவவும் வேண்டாம். மூடியின் உள்பக்கம் மையில் எழுதியிருப்பது போட்டியின் பெயராகவோ கொடுத்தவர் பெயராகவோ இருக்கலாம். அதையும் தனியாகப் படமெடுத்து, கோப்பைப் படங்களோடு சேர்த்து வையுங்கள். பெட்டி இல்லாத கோப்பை, கோப்பை இல்லாத பெட்டி இரண்டும் சந்தையில் நிறையக் கிடைக்கின்றன. இரண்டையும் பொருத்தி ஜோடியாக விற்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே கோப்பை பெட்டிக்குள் ஆடாமல் உட்காருகிறதா என்று ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.